பின்னக் கணக்கில் தவறு: விடையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

பின்னக் கணக்கில் வரும் தவறுகளில் பல, கவனக்குறைவால் வருபவை அல்ல. 1/2 + 1/3 = 2/5 என்று இன்று எழுதிய பிள்ளையிடம் நாளை 2/3 + 1/4 கொடுத்துப் பாருங்கள்; 3/7 என்றுதான் வரும். ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பிள்ளையின் மனத்தில் ஒரு விதி இருக்கிறது, அது ஒழுங்காக வேலையும் செய்கிறது. விதிதான் தப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் "இன்னும் இருபது கணக்குப் போடு" என்றால், தப்பான விதிக்கு இருபது முறை பயிற்சி கொடுத்ததாகத்தான் ஆகும்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோட்டைத் திறந்து, எந்த மாதிரித் தவறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் மேலே இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பல, மேலே உள்ளவற்றிலிருந்து வருபவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். பிள்ளை 3/4ஐ ஓர் எண்ணாகப் பார்ப்பதில்லை. மேலே ஒரு 3, கீழே ஒரு 4 என இரண்டு எண்களாகப் பார்க்கிறது. ஆகையால் எந்தக் கணக்கானாலும் "விடை என்ன?" என்று தொடங்காதீர்கள். "தோராயமாக எவ்வளவு வரும்? அரைக்கு மேலா? ஒன்றைத் தாண்டுமா?" என்று தொடங்குங்கள்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். பன்னிரண்டு கட்டம் நீளத்துக்கு ஒரு பட்டை வரைந்து அதை "ஒன்று" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரை 6 கட்டம், மூன்றில் ஒன்று 4 கட்டம், கால் 3 கட்டம். தோசை, பீட்சா, கேக் என்று வட்டமாக வரைந்து சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வட்டத்தை நான்காக வெட்டலாம். ஐந்தாகவோ ஏழாகவோ சமமாக வெட்டச் சொன்னால் பெரியவர்களே திணறுவார்கள். துண்டுகள் சமமாக இல்லாவிட்டால் படம் சொல்லித்தருவது பின்னத்தை அல்ல.

எழுதும்போதே தலைகீழாகிறது: "நான்கில் மூன்று" என்றால் 4/3

தமிழில் கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். ஆங்கில வழி வகுப்பில் "த்ரீ பை ஃபோர்" என்று மேல் எண் முதலில் வருகிறது. சில ஆசிரியர்கள் "மூன்றின் கீழ் நான்கு" என்கிறார்கள். பள்ளியில் ஒன்றும் டியூஷனில் ஒன்றுமாகக் கேட்கும் பிள்ளை, காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறது. இது அறிவுக் கோளாறு அல்ல. வீட்டில் ஒரே முறையில் வாசியுங்கள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

இதே வாசிப்பு முறைக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு, அது சற்றுத் தீவிரமானது. 5/4ஐப் பார்த்ததும் "நான்கில் எப்படி ஐந்தை எடுக்க முடியும்?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. "நான்கில் ஐந்து" என்று வாசித்தால் அதற்குப் பொருளே இல்லை. தொகுதி (மேல் எண்) பகுதியைவிட (கீழ் எண்) பெரிதாக இருக்கும் இடங்களில் "ஐந்து கால்" என்று வாசித்துக் காட்டுங்கள். அதாவது கால் என்னும் அளவு ஐந்து முறை. பிறகு வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்: கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு. மணி பார்க்கவும் பால் வாங்கவும் தெரிந்த பிள்ளைக்கு இந்த வரிசை ஏற்கெனவே பழக்கம். ஐந்தாவதாக வருவது ஒன்றேகால். தகா பின்னமும் (5/4) கலப்பு பின்னமும் (1¼) ஒரே எண்ணின் இரண்டு எழுத்து வடிவங்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

1/5ஐவிட 1/8 பெரியது என்கிறது

எட்டு ஐந்தைவிடப் பெரியது என்பது முழு எண்களில் கற்ற பாடம். ஐந்து ஆண்டுகளாகச் சரியாக இருந்த ஒன்று இங்கே திடீரெனப் பொய்க்கிறது. ஒரே நீளத்தில் இரண்டு காகித நாடாக்களை வெட்டி, ஒன்றை ஐந்து பேருக்கும் மற்றதை எட்டுப் பேருக்கும் பங்கிடச் சொன்னால் இது பெரும்பாலும் அன்றே தீர்ந்துவிடும்.

தீர்ந்ததாகத் தோன்றும் அந்த நேரத்தில்தான் கவனம் தேவை. பழைய விதி போய் "கீழே சின்ன எண் இருந்தால் பின்னம் பெரியது" என்று புதிய விதி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். 1/3, 1/4 போன்ற கணக்குகளில் அது எப்போதும் சரியான விடை தரும்; நீங்களும் திருப்தியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். சோதிப்பதற்கு, தப்பான விதியில் தப்பான விடை வரும் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும். 2/3, 7/8 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 2/3 என்று சொன்னால் புதிய விதி பிடிபட்டது.

அடுத்து 5/6, 7/8 இரண்டையும் கொடுங்கள். "இரண்டிலும் ஒன்றுதான் குறைகிறது, ஆகவே சமம்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. இந்தப் பிள்ளை நன்றாக யோசிக்கிறது. விடையின் வாசலில் நிற்கிறது. ஒன்று குறைகிறது, சரி, ஆனால் குறைவது எவ்வளவு? முதலாவதில் 1/6, இரண்டாவதில் 1/8. குறைவாகக் குறைவது 7/8. ஆகவே அதுதான் பெரியது. இதைச் சொல்லிப் புரியவைக்கும் முன்பு குறுக்குப் பெருக்கலைக் காட்டிவிடாதீர்கள். 5 × 8 = 40, 7 × 6 = 42 என்று விடை கிடைத்துவிடும், யோசிப்பது அத்தோடு நின்றுவிடும்.

அரையோடு ஒப்பிடுவது இன்னும் எளிய கருவி. 5/8, 3/7 எனக் கொடுத்தால் பெருக்கவே வேண்டாம். எட்டில் பாதி நான்கு, எனவே 5/8 அரைக்கு மேல். ஏழில் பாதி மூன்றரை, எனவே 3/7 அரைக்குக் கீழ்.

படத்தில் சரியாகச் சொல்கிறது, எண்கோட்டில் தடுமாறுகிறது

0 முதல் 4 வரை எண்கோடு வரைந்து 3/4ஐக் குறிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 3இன் மேல் புள்ளி வைப்பார்கள். மொத்தக் கோட்டில் முக்கால் பங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் 3க்கும் 4க்கும் நடுவே வைப்பார்கள். அவர்களுக்கு 3/4 இன்னும் இரண்டு எண்கள்தான். முதல் வகையினரிடம் "ஒன்று எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் வகையினர் பட்டைக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டு கட்டப் பட்டையை எண்கோட்டில் 0 முதல் 1 வரை பொருந்தும்படி அடியில் வரைந்து, ஒன்பதாவது கட்டத்தின் முடிவிலிருந்து ஒரு கோட்டை மேலே இழுத்துக் காட்டுங்கள்.

படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து கட்டங்களில் மூன்றுக்கு நிறம் தீட்டியிருந்தால் சிலர் 3/2 என்று எழுதுவார்கள்: தீட்டியது மூன்று, தீட்டாதது இரண்டு. அவர்கள் எழுதியது விகிதம். "மொத்தம் எத்தனை?" என்ற கேள்வியை ஒவ்வொரு படத்துக்கும் முன்பு கேட்டுப் பழக்கினால் போய்விடும்.

1/2 + 1/3 = 2/5

பின்னத் தவறுகளிலேயே மிகவும் பரவலானது இது. மேலே மேலும் கீழே கீழும் கூட்டுவது.

உடனே மீச்சிறு பொது மடங்கைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். பிள்ளை எழுதிய விடையையே அதன் முன்னால் வையுங்கள். "2/5 அரையைவிடப் பெரியதா, சிறியதா?" ஐந்தில் பாதி இரண்டரை, எனவே சிறியது. "உன்னிடம் அரை இருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். அரையைவிடக் குறைந்துவிட்டதா?" இந்தக் கேள்விக்குப் பின் வரும் மௌனத்தைக் கலைக்க வேண்டாம். தன் விதி உடைவதைத் தானே பார்த்த பிள்ளைதான் வேறு விதியைத் தேடும்.

பிறகு பட்டை. அரை 6 கட்டம், மூன்றில் ஒன்று 4 கட்டம், சேர்ந்தால் 10 கட்டம். பன்னிரண்டில் பத்து: 10/12, சுருக்கினால் 5/6. இதில் பிள்ளை கவனிக்க வேண்டியது, இரண்டையும் ஒரே அளவுள்ள கட்டங்களாக மாற்றிய பிறகே எண்ண முடிந்தது என்பதை. ஆறு கட்டப் பட்டையிலும் இது நடக்கும் (3 + 2 = 5); ஐந்து கட்டப் பட்டையில் நடக்காது, ஏனென்றால் அரைக்குக் கட்டம் உடைய வேண்டியிருக்கும். எந்தப் பட்டையில் இரண்டுமே உடையாமல் விழும் என்ற தேடலுக்குத்தான் பொது மடங்கு என்று பெயர். மீச்சிறியதாக இருந்தால் வேலை குறைவு, அவ்வளவுதான். பெரிய பொது மடங்கை எடுத்துப் போட்டு, கடைசியில் சுருக்கிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இந்தத் தவறுக்குக் கிளைகள் உண்டு.

2/7 + 3/7 = 5/14 என்று வந்தால், பிள்ளைக்கு ஓரினப் பின்னமே (கீழ் எண் ஒன்றாகவே உள்ள பின்னங்கள்) பிடிபடவில்லை. எண்ணால் எழுதாமல் "இரண்டு ஏழிலொன்று, மூன்று ஏழிலொன்று, மொத்தம் எத்தனை ஏழிலொன்று?" என்று கேளுங்கள். ஐந்து என்று உடனே சொல்லும்.

1/2 + 1/3 = 1/6 + 1/6 = 2/6 என்று வந்தால் கீழே மாற்றத் தெரிகிறது, மேலே மாற்ற மறக்கிறது. அதாவது சமான பின்னம் பாடம் பாதியில் நிற்கிறது. கூட்டலை நிறுத்திவிட்டு 1/2 = ?/6, 2/3 = ?/12, 3/5 = ?/20 போன்றவற்றை மட்டும் சில நாள் கொடுங்கள். அங்கே 2/3 = 5/6 என்று எழுதினால் (இரண்டிலும் 3ஐக் கூட்டியது) இன்னும் ஒரு படி பின்னால் போய்ப் பட்டையில் இரண்டையும் வரைந்து பார்க்க வேண்டும்: 8 கட்டம் ஒன்று, 10 கட்டம் ஒன்று.

இனி, புத்திசாலிப் பிள்ளையின் வாதம். "முதல் தேர்வில் 10க்கு 7, அடுத்ததில் 10க்கு 8. மொத்தம் 20க்கு 15 என்று நீங்கள்தானே போட்டீர்கள்? மேலே மேலும் கீழே கீழும்தானே கூட்டினீர்கள்?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் "அது வேறு, இது வேறு" என்று தட்டிக்கழிக்கும் பெரியவர்கள் ஏராளம். உண்மையில் வேறுதான், ஏன் வேறு என்று சொல்ல வேண்டும். 7/10உம் 8/10உம் எண்களாகக் கூடினால் 15/10, அதாவது ஒன்றரை. மதிப்பெண்ணில் நாம் செய்தது இரண்டு தேர்வுகளையும் சேர்த்து ஒரு பெரிய தேர்வாக்கியது. "ஒன்று" என்பது 10 மதிப்பெண்ணாக இருந்தது, 20 மதிப்பெண்ணாக மாறிவிட்டது. பின்னக் கூட்டலில் "ஒன்று" மாறவே கூடாது. மதிப்பெண்ணில் அது மாறியதால்தான் விடை 15/20, அதாவது 3/4. அது 7/10க்கும் 8/10க்கும் நடுவே நிற்கிறது. கூட்டினால் நடுவிலா நிற்கும்?

இந்தத் தவறு நம் ஊர்ப் பிள்ளைகளுடையது மட்டும் அல்ல. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தரப்பட்ட விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஏறக்குறைய ஒன்று, எனவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம். 19, 21 ஆகியவற்றைத் தேர்ந்தவர்கள் பாதிக்கு மேல். 19 என்றவர்கள் தொகுதிகளைக் கூட்டினார்கள், 21 என்றவர்கள் பகுதிகளைக் கூட்டினார்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பென்சிலைத் தொடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

கூட்டல் ஓரளவு வந்துவிட்ட பிள்ளைக்குப் பழைய எண்சுவடியிலிருந்து ஒரு கணக்கு: மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்தது மாகாணி. அது எவ்வளவு? 4/80 + 1/80 = 5/80, சுருக்கினால் 1/16. வீசம் என்றும் சொல்வார்கள்.

கண்டபடி அடிக்கிறது

(4 + 3)/(4 + 5) என்பதில் இரண்டு 4களையும் அடித்து 3/5 என்று எழுதினால், "அடிப்பது" என்றால் ஒரே மாதிரி எண்ணைக் கண்டால் கோடு போடுவது என்று பிள்ளை நினைக்கிறது. சரியான விடை 7/9. அடிப்பது என்ற சொல்லையே சில நாள் விட்டுவிட்டு "மேலும் கீழும் எதனால் வகுத்தாய்?" என்று கேளுங்கள். இதற்கு மேல் பெரிய மருந்து தேவையில்லை.

வேடிக்கையாக ஒன்று. 16/64இல் 6ஐ அடித்தால் 1/4, விடை சரி! 19/95, 26/65, 49/98 ஆகியவற்றிலும் இந்தத் திருட்டு வழி பலிக்கும். 12/24இல் 2ஐ அடித்தால் 1/4 வந்து குட்டு வெளிப்படும்.

5¼ − 2¾ = 3½ என்கிறது

ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. காலிலிருந்து முக்கால் போகாது, ஆகவே முக்காலிலிருந்து காலைக் கழித்துவிட்டது. முழு எண் கழித்தலில் சிறிய வயதில் செய்த அதே தவறு (52 − 27 = 35) வேறு உடையில் வந்திருக்கிறது. சரிபார்க்க: 2¾ஓடு 3ஐக் கூட்டினாலே 5¾ வந்துவிடுகிறது, ஐந்தேகாலைத் தாண்டிவிட்டது.

கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை வேறு மாதிரித் தவறும். 5¼ஐ 4 என்றும் 11/4 என்றும் மாற்றும். பத்தைக் கடன் வாங்கிப் பழகிய கை. இங்கே வாங்கியது ஒன்று. ஒன்று என்பது நான்கு கால். எனவே 4 முழுதும் 5/4உம். கழித்தால் 2, 2/4, அதாவது இரண்டரை. ஏறிப்போய்ப் பார்ப்பது இன்னும் எளிது: இரண்டேமுக்காலிலிருந்து மூன்றுக்குக் கால், மூன்றிலிருந்து ஐந்தேகாலுக்கு இரண்டேகால், மொத்தம் இரண்டரை.

பெருக்கலில் விடை பெரிதாக வருகிறது, அல்லது சிறிதாக வந்தால் நம்ப மறுக்கிறது

3/4 × 1/2 = 3/4 × 2/4 = 6/4. கூட்டலில் கற்ற "பகுதியைச் சமமாக்கி, பகுதியை அப்படியே விடு" என்ற விதியைப் பெருக்கலுக்கும் கொண்டுவந்துவிட்டது. கூட்டலை அழுத்திச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் இது அதிகம். முக்காலில் பாதி எப்படி ஒன்றரை ஆகும் என்று கேட்டால் பிள்ளையே சிரித்துவிடும். பின்னங்களுக்கு நடுவே பெருக்கல் குறி வந்தால் "இதில் இத்தனை பங்கு" என்று வாசிக்கப் பழக்குங்கள். காலில் பாதி அரைக்கால்; 1/2 × 1/4 = 1/8.

ஏன் மேலும் மேலும், கீழும் கீழும் பெருக்குகிறோம் என்பதற்குக் கட்ட நோட்டே சாட்சி. 3/4 × 2/3க்கு நான்கு கட்டம் அகலம், மூன்று கட்டம் உயரம் கொண்ட செவ்வகம் வரையுங்கள். அந்தச் செவ்வகம்தான் "ஒன்று". அகலத்தில் மூன்றும் உயரத்தில் இரண்டும் எடுத்து நிறம் தீட்டினால் 6 கட்டம். மொத்தக் கட்டங்கள் 12. ஆக 6/12, அதாவது அரை.

கலப்பு பின்னத்தில் 2½ × 3¼ = 6⅛ என்று வருவதும் இதே படத்தில் தீரும். முழுதும் முழுதும், பின்னமும் பின்னமும் பெருக்கிய பிள்ளை செவ்வகத்தின் இரண்டு மூலைகளை மட்டும் எடுத்திருக்கிறது. விட்டுப்போன துண்டுகள் 2 × ¼ = ½, 3 × ½ = 1½. எல்லாம் சேர்ந்தால் 8⅛. இரண்டரையை மூன்றால் பெருக்கினாலே ஏழரை வந்துவிடும் என்று முதலிலேயே கேட்டிருந்தால் 6⅛ நோட்டில் ஏறியிருக்காது.

வகுத்தலில் எதைத் தலைகீழாக்குவது என்று தெரியவில்லை

முதலில் ஒரு சோதனை: 6 ÷ 1/2 எவ்வளவு? 3 என்று வந்தால் பிரச்சினை தலைகீழியில் (மேல் கீழ் எண்களை இடம் மாற்றிய பின்னம்) இல்லை. "அரையால் வகு" என்றதைப் "பாதியாக்கு" என்று பிள்ளை கேட்டிருக்கிறது. ஆறு லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேளுங்கள். பன்னிரண்டு. வகுத்தல் என்பது "இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்" என்ற கேள்வி. பங்கு பிரிப்பது அதன் ஒரு முகம் மட்டுமே. கால் பேருக்குப் பங்கு பிரிக்க யாராலும் முடியாது.

பெரியவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். லிப்பிங் மா என்ற கல்வி ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க, சீன ஆசிரியர்களிடம் 1¾ ÷ ½ கொடுத்து, அதற்குப் பொருந்தும் வாழ்க்கைக் கணக்கு ஒன்றையும் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் ஒன்றேமுக்காலை இரண்டு பேருக்குப் பகிர்வதாகச் சொன்னார்கள். அது 2ஆல் வகுப்பது.

3/4 ÷ 2/3 = 8/9 என்று வந்தால் முதல் பின்னத்தைத் தலைகீழாக்கியிருக்கிறது. "இரண்டாவதைத்தான் திருப்ப வேண்டும், மறக்காதே" என்று சொன்னால் தேர்வுவரை நிற்கும், அதற்குப் பிறகு போய்விடும். நான் தலைகீழியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். இரண்டையும் ஒரே அளவுக் கட்டமாக்குங்கள்: 9/12 ÷ 8/12. ஒன்பது கட்டத்துக்குள் எட்டுக் கட்டம் எத்தனை முறை? 9 ÷ 8, அதாவது 9/8. பன்னிரண்டு தேவையே இல்லாமல் போய்விட்டது. இப்படிப் பல கணக்குகள் போட்ட பிறகு அந்த 9உம் 8உம் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: 3 × 3, 4 × 2. இரண்டாவது பின்னம் தானாகவே தலைகீழாகியிருப்பது தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் வாழ்ந்த மகாவீரர் சொன்ன விதியும் இதுதான்: வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு. 8/9 தப்பு என்பதைக் கணக்குப் போடாமலும் சொல்லலாம். 3/4, 2/3ஐவிடப் பெரியது. ஒரு முறையாவது அடங்க வேண்டும்.

வகுத்தலில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் செம்புகளில் ஊற்றுகிறோம். மூன்று செம்பு நிறைந்து கால் லிட்டர் மிஞ்சும். பிள்ளை 3¼ என்று எழுதும். சூத்திரமோ 3½ என்கிறது. "கண்ணால் பார்த்தேனே, மிஞ்சியது கால்தானே?" என்று வாதாடும் பிள்ளையிடம் "கால் எது? கால் லிட்டரா, கால் செம்பா?" என்று கேளுங்கள். கேள்வி எத்தனை செம்பு என்பது. கால் லிட்டர், அரை லிட்டர் செம்பில் பாதி. எனவே மூன்றரைச் செம்பு.

கணக்குச் சரி, வாசகக் கணக்கு தப்பு

"முக்கால் கிலோ சர்க்கரையில் பாதியைப் போட்டாள்." "முக்கால் கிலோ சர்க்கரையில் அரை கிலோவைப் போட்டாள்." இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி, மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். முதலாவதில் 3/8 கிலோ, இரண்டாவதில் 1/4 கிலோ. இரண்டுக்கும் ஒரே விடை வந்தால், பிள்ளை எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிடுகிறது.

அடுத்த பொறி "மீதியில்". 60 பக்கப் புத்தகத்தில் முதல் நாள் 1/3 பங்கு, மறுநாள் மீதியில் 1/4 பங்கு படித்தால் இன்னும் எத்தனை பக்கம்? 1/3 + 1/4 = 7/12 என்று கூட்டி, 25 பக்கம் மீதி என்று எழுதுவார்கள். 1/4 என்பது அறுபதில் அல்ல, நாற்பதில். மறுநாள் படித்தது 10 பக்கம், மீதி 30. பட்டை வரைந்து முதல் நாள் பகுதியைக் கோடிட்டு அடித்துவிட்டு, எஞ்சியதற்குக் கீழே புதிய பட்டையாக மறுபடி வரையச் சொல்லுங்கள். "ஒன்று" மாறிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1/4 = 1.4 என்று எழுதுகிறது

கோட்டைப் புள்ளியாக்கிவிட்டது. 1.4 ஒன்றைத் தாண்டியது, கால் ஒன்றுக்குள் இருப்பது என்ற ஒப்பீடு போதும். முன்பெல்லாம் கால் ரூபாய் என்றால் 25 பைசா என்று சொல்லிவிடலாம். அந்த நாணயம் 2011 ஜூனோடு புழக்கத்திலிருந்து போய்விட்டது, இன்றைய பிள்ளைகள் கையில் பிடித்ததில்லை. மீட்டர் அளவுகோலில் கால் மீட்டர் 25 சென்டிமீட்டர், 0.25 மீட்டர் என்று காட்டுங்கள்.

வீட்டில் எல்லாம் சரி, தேர்வில் எல்லாம் தப்பு

பாடப் பயிற்சியில் கூட்டல் பக்கத்தில் கூட்டல் மட்டும், பெருக்கல் பக்கத்தில் பெருக்கல் மட்டும் இருக்கும். பிள்ளை குறியைப் பார்க்காமலே முதல் கணக்கின் விதியைக் கடைசிவரை ஓட்டிவிடும். தேர்வில் எல்லாம் கலந்து வரும்போது விதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பயிற்சியைக் கலந்து கொடுங்கள், அதுவும் ஒரே இரண்டு எண்களை வைத்து. 3/4, 1/2 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் விடை ஒன்றுக்கு மேலா கீழா என்று பிள்ளை எழுதிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். கூட்டினால் 1¼, கழித்தால் 1/4, பெருக்கினால் 3/8, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1½, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 2/3. மேலா கீழா என்பது ஐந்திலும் சரியாக இருந்து விடை மட்டும் தவறியிருந்தால் கவலை வேண்டாம், அது வாய்ப்பாட்டுப் பிரச்சினை. மேலா கீழா என்பதே தவறியிருந்தால் எந்தக் குறியில் தவறியது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு மேலே போய் மறுபடி தொடங்குங்கள்.